நீர் மாத்திரை

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இல்லை, வருத்தம் இருக்கிறது. முந்தின வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்ததை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கிற ஆள் நீங்கள் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

உங்கள் நாத்தனாராக எழுதினால் பிரிக்காமலே வைத்துவிடுவீர்கள். மருத்துவக் கல்லூரிக்காரியாக எழுதுகிறேன். தையல் ஆலைக்குப் பின்னால் இருக்கும் உங்கள் மூன்று தெருக்களோடு எங்கள் கல்லூரி போன வருடம் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. மாணவர் ஒருவருக்கு நான்கு குடும்பம். அந்தக் குடும்பங்களின் உடம்பை அவர்கள் கவனிக்க வேண்டும், அதிலேயே படிக்கவும் வேண்டும். இதற்குப் பொறுப்பாளராக என்னை இந்த ஜனவரியில்தான் போட்டார்கள். தெருக்குழுவின் ஏழு கையெழுத்தில் மூன்றாவது உங்களுடையது என்று கோப்பைப் பிரித்த அன்றே பார்த்தேன். இரண்டு மாதமாக எழுத நினைத்து இன்றுதான் எழுதுகிறேன்.

ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடாமல் குடைகிறது. உங்கள் தெருக்களில் அறுபத்தோரு பெண்களுக்கு ரத்த அழுத்தம். ஐந்து மாதமாக மாத்திரை கொடுக்கிறோம். மாணவர்கள் வாராவாரம் காலி மாத்திரை அட்டைகளை எண்ணி எழுதுகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மாத்திரை விழுங்கப்பட்டிருக்கிறது. இப்படி ஒரு கணக்கை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. ஆனால் அழுத்தம் இம்மியும் இறங்கவில்லை. கருவியை மாற்றிப் பார்த்தேன். மாத்திரையைச் சோதனைக்கு அனுப்பினேன். எல்லாம் சரியாகவே இருக்கிறது.

மே ஒன்றாம் தேதியிலிருந்து எல்லோருக்கும் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்க எங்கள் துறைத் தலைவர் முடிவு செய்திருக்கிறார். விழுங்கிய மாத்திரை எங்கே போகிறது என்று தெரியாமல் அதைச் செய்ய எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் எண்ணையும் பார்த்தேன். 172க்கு 104. அண்ணனுக்குக் கடைசியாகப் பார்த்ததும் கிட்டத்தட்ட இதேதான்.

எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியும் என்று தோன்றுகிறது. சொல்வீர்களா?

உங்கள் நாத்தனார்


மார்ச் 10

டாக்டர் அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கல்லூரி வேன் டிரைவர் நட்டநடுத் தெருவில் நின்று கொடுத்தார். “என்னக்கா, ஆஸ்பத்திரியிலேருந்து லெட்டரா? ஏதாச்சும் பெரிய வியாதியா?” என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். “பழைய வியாதிதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பதிலை உங்கள் கருத்துப் பெட்டியில் போடுகிறேன். தெருமுனையில் பூட்டுப் போட்டு மாட்டியிருக்கிறீர்களே, அதில். இதுவரை அதில் மிட்டாய்க் காகிதம் மட்டும்தான் விழுந்திருக்கிறது. சாவி உங்களிடம் இருப்பதாகச் சொன்னார்கள்.

உங்கள் பிள்ளைகள் முதல் நாள் நாற்பத்திரண்டு பக்கப் படிவத்தோடு வந்தார்கள். வீட்டில் எத்தனை ஜன்னல், எத்தனை நாற்காலி, சுவர் என்ன சுவர் என்று கேட்டார்கள். ஒரு பையன் ஜன்னலே இல்லாத என் பக்கத்து வீட்டில் கதவை ஜன்னலாக எழுதிக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டான். நல்ல பையன்தான். ஆனால் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாய், நடுவில் உனக்கு என்ன நடக்கிறது என்று நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு வரி கிடையாது.

எங்களைக் கூட்டாளி என்கிறீர்கள். மாதம் ஒரு தடவை கூட்டம். பிஸ்கட் வைக்கிறீர்கள். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே ‘விரிவாக விவாதிக்கப்பட்டது’ என்று டைப் அடித்த காகிதம் வந்துவிடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். பிஸ்கட் நன்றாக இருக்கிறது.

ஆறு வருடம் கழித்து எழுதுகிறீர்கள், அதிலும் மாத்திரை. உங்கள் வாயிலிருந்து என் காதில் கடைசியாக விழுந்ததும் மாத்திரைதான். வார்டு வாசலில், என் அம்மா பக்கத்தில் நிற்கும்போது சொன்னீர்கள். “மாத்திரைய ஒழுங்கா குடுத்திருந்தா அண்ணன் இன்னைக்கு இருந்திருப்பான்.” இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளைப் பார்த்து.

மாத்திரை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை கிளினிக்குக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு. உங்களுக்கு இரண்டாவது வரும், முதலாவதுதான் கஷ்டம்.

காலர் மிஷின், மூன்றாவது வரிசை


மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு,

வந்தேன். மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் நான் வாயைத் திறக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முதுகு பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் எல்லாவற்றையும் தப்பாகப் பார்த்தேன். நடையைப் பார்த்தேன், கால் வீக்கத்தைப் பார்த்தேன், யார் யாரோடு பேசவில்லை என்பதைக்கூடப் பார்த்தேன். ஐந்தரைக்கு ஆலையிலிருந்து நேராக வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அறை அடுப்பு மாதிரி இருந்தது. மாணவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டிலைக் காலி செய்தார்கள். மூலையில் மூடி போட்ட ஸ்டீல் குடமும் இரண்டு டம்ளரும் வைத்திருந்தோம்.

எட்டரைக்குக் கூடத்தைப் பூட்டும்போது குடத்தைத் தூக்கினேன். கழுத்து வரை நிறைந்திருந்தது. முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர்கூட ஒரு வாய் குடிக்கவில்லை.

உதடு வெடித்திருந்த ஒரு அம்மாவிடம் மட்டும் வாயைத் திறந்தேன், மன்னிக்கவும். “தண்ணி குடிங்கம்மா” என்றேன். “வேணாம் டாக்டர், பழகிப்போச்சு” என்றார். எது பழகிப்போயிற்று என்று கேட்பதற்குள் எழுந்து போய்விட்டார். அன்று எடுத்த சிறுநீர் மாதிரிகளை நானே பார்த்தேன். எல்லாமே கடுங்காப்பி நிறம், பாதி பேருக்குக் கிருமி.

மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் எனக்குக் குடத்தைக் காட்டியிருக்கிறீர்கள். இரண்டையும் என்னால் சேர்க்க முடியவில்லை. முழுசாகப் புரியவில்லை என்பதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

வார்டு வாசலில் சொன்னது பற்றி எழுத ஆரம்பித்து மூன்று தாள் கிழித்தேன். இன்னும் வரவில்லை.

உங்கள் நாத்தனார்


மார்ச் 25

துருவிக்கு,

உன் அண்ணன் உன்னை அப்படித்தான் கூப்பிடுவார். எதையும் துருவாமல் விடமாட்டாய் என்று. குடத்தைத் தூக்கிப் பார்த்தாய் என்று படித்ததும் அவர் ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன். உன் கல்லூரிக்கு இல்லை. உனக்கு.

எங்கள் வரிசையில் நாற்பது மிஷின். நாற்பது பேருக்கு ஒரு டோக்கன். உள்ளங்கை அகலத்துக்கு மரப்பலகை, கயிறு கோத்து சூப்பர்வைசர் மேஜையில் தொங்கும். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் அதைக் கேட்டு வாங்கி, கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஏழு நிமிடம். அதில் ஐந்து நிமிடம் வாசலில் நிற்பதிலேயே போய்விடும். மூன்றாவது தடவை கேட்டால் கரும்பலகையில் மிஷின் நம்பரை எழுதுவார்கள். “என்னம்மா பதினாலு, வீட்லேருந்து குழாயோட வந்தியா?” என்று அவன் கேட்பான். சிரிக்காதவள் மேல் அவனுக்குக் கோபம் வரும் என்று நாங்களும் சிரிப்போம்.

அதனால் காலை ஐந்து மணிக்கு மேல் யாரும் தண்ணீர் தொடமாட்டோம். மதியச் சாப்பாட்டுக்கு வாய் நனைப்பதோடு சரி. அதுதான் பழகிப்போயிற்று என்று அந்த அம்மா சொன்னது.

நீங்கள் கொடுப்பது நீர் மாத்திரை. காலையில் போட்டால் மதியம் வரை விடாது.

முதல் வாரம் எல்லோரும் போட்டோம். சத்தியமாகப் போட்டோம். நான்காம் நாள் எனக்குப் பக்கத்து மிஷின்காரி டோக்கன் கேட்டாள். வெளியே போன ஆள் திரும்பவில்லை. மறுபடியும் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. நாங்கள் நாலு பேர் வெட்டுத் துணியை அவள் இடுப்பில் சுற்றி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அதோடு வேலைக்கு வரவில்லை. இருபது வருடம் தைத்தவள்.

அன்றிலிருந்து ஆலைக்குப் போகிற ஐம்பத்து மூன்று பேரும் மாத்திரையை நிறுத்திவிட்டோம். வீட்டிலேயே இருக்கிற எட்டுப் பேர் மட்டும்தான் ஒழுங்காகப் போடுகிறார்கள்.

பிறகு அட்டை எப்படிக் காலியாகிறது என்று கேட்பாய். எங்கள் வீட்டுக்கு வருகிற கண்ணாடி போட்ட பெண் ஒரு நாள் அழுதாள். “ஆன்ட்டி, உங்க அட்டை காலியா இருந்தாத்தான் எனக்கு மார்க்கு” என்றாள். பிள்ளை வெயிலில் நடந்து வந்து, என் காலைத் தொட்டுப் பார்த்து, என் பேரனுக்குக் கணக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறது. அதன் மார்க்கை நான் கெடுப்பேனா? புதன்கிழமை சாயங்காலம் மூன்று தெருவிலும் மாத்திரையைப் பிதுக்கிச் சாக்கடையில் போடுகிறோம். அவள்தான் வகுப்பில் முதலிடமாம். எங்களுக்குப் பெருமைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பாதியில் நிறுத்தினால் மறுபடி எழுத வராது. உன் அண்ணனுக்குத் தினமும் காலையில் மாத்திரையை நான் உள்ளங்கையில் வைத்தேன். ஒரு நாள் தவறியதில்லை. அவர் போனபிறகு, பஸ் ஓட்டப் போகும்போது கொண்டுபோகிற பையைக் காலி செய்தேன். சோப்பு டப்பாவில் நாற்பத்தொரு மாத்திரை இருந்தது. ஏழு மணி நேரம் ஓடுகிற வண்டி, நடுவில் ஒரே ஒரு நிறுத்தம். ஐம்பது பேரை உட்கார வைத்துவிட்டு எத்தனை தடவை இறங்குவார்? என்னிடம் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். வார்டு வாசலில் நீ அப்படிச் சொன்னபோது எனக்கு இது தெரியாது. தெரிந்த பிறகும் சொல்லவில்லை. செத்துப்போன மனுஷனை உன் முன்னால் பொய்க்காரர் ஆக்க மனசு வரவில்லை.

இதை ஆலையில் யாராவது கேட்டால் எங்களுக்கு வேலை இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்.

காலர் மிஷின்


ஏப்ரல் 2

அண்ணி,

உங்கள் கடிதம் மேஜை டிராயரில் ஒரு வாரம் இருந்தது. தினமும் வகுப்புக்குப் போகும் முன் எடுத்துப் படித்தேன்.

அந்த நாற்பத்தொரு மாத்திரைகளை எழுதிக்கொடுத்தவள் நான். தங்கச்சி டாக்டர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான். நான் அவனிடம் ஒரு நாளும் ‘வண்டியில எப்படிச் சமாளிக்கிற?’ என்று கேட்டதில்லை. அழுத்தம் குறையவில்லை என்றதும் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். மருந்து தோற்றால் வீட்டுக்காரி மேல் பழி போடுவது எங்கள் தொழிலில் ரொம்ப சுலபம். நான் சொன்னது தப்பு. அந்த இடத்தில் சொன்னதும் தப்பு. இதற்கு மேல் அலங்காரமாக எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது.

திங்கட்கிழமை உங்கள் சட்டத்தை என் மேல் போட்டுப் பார்த்தேன். மாத்திரைகூட இல்லை, வழக்கமான தண்ணீர்தான். இரண்டு தடவை, ஏழு நிமிடம், கடிகாரம் வைத்து. மூன்றாவது மணியில் நியாயமாகச் சந்தேகம் கேட்ட ஒரு மாணவனை முறைத்தேன். நான்காவது மணியில் கரும்பலகையில் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. மதியம் தோற்றுவிட்டேன். எனக்கு அங்கே வாசலில் வரிசையும் இல்லை, கேலி பண்ண ஆளும் இல்லை.

காலி அட்டைக்கு மார்க் என்பதை நிறுத்திவிட்டேன். இனி குடும்பம் கேட்கிற ஒரு கேள்வியை மாணவர் கொண்டுவர வேண்டும், எங்களுக்குப் பதில் தெரியாத கேள்வியாக இருந்தால் முழு மார்க். கண்ணாடிப் பெண் ஒரே வாரத்தில் ஆறு கொண்டுவந்துவிட்டாள். அவளுக்காகக் கவலைப்படாதீர்கள்.

கவலை வேறு இடத்தில். தினமும் ஒழுங்காகப் போடுகிற அந்த எட்டுப் பேருக்கும் மே ஒன்றாம் தேதி அளவு இரட்டிப்பாகும். அதில் இரண்டு பேர் எழுபது வயதுக்காரர்கள். எழுந்த இடத்தில் மயங்கி விழுவார்கள். துறைத் தலைவரிடம் போய் நிறுத்தி வையுங்கள் என்றேன். “காரணம்?” என்றார். உங்கள் வேலை போய்விடுமே என்று உண்மையைச் சொல்லாமல் உள்ளுணர்வு என்றேன். “உள்ளுணர்வுன்னு கோப்புல எழுத முடியாது டாக்டர், எண் குடுங்க” என்றார். கெட்டவர் இல்லை. எண் வேண்டும், அவ்வளவுதான்.

உங்களுக்கு மட்டுமாவது இப்போதைக்கு வேறு மாத்திரை அனுப்புகிறேன், இது நீர் மாத்திரை இல்லை. தயவுசெய்து இதைப் பிதுக்க வேண்டாம்.

எண்ணுக்கு நான் எங்கே போவேன்?


ஏப்ரல் 8

துருவி,

உன் பெரியவருக்கு எண் வேண்டுமா? எங்கள் ஆலை வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வருடா வருடம் புதுசாக வரும். துணி வாங்குகிற வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் வந்தால் முதலில் அதன் முன்னால்தான் நின்று போட்டோ எடுப்பார்கள். மனப்பாடமாகவே எழுதுகிறேன்: பெண் தொழிலாளர்கள் நானூற்று எண்பது. கழிவறைகள் பன்னிரண்டு. குடிநீர், சுகாதார வசதிகள் போதுமானவை.

பன்னிரண்டு உண்டு, பொய் இல்லை. மூன்றுதான் திறந்திருக்கும். மற்ற ஒன்பதிலும் அட்டைப்பெட்டி அடுக்கிப் பூட்டு. சட்டை மடித்து அனுப்புகிற பெட்டிகள். அவை எங்களைவிடச் சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன.

கீழே உன் கல்லூரி முத்திரை. அதற்கும் கீழே கையெழுத்து. கடைசி எழுத்தை இழுத்துச் சுழிப்பாயே, உன் அண்ணன் கல்யாணப் பதிவுப் புத்தகத்தில் சாட்சியாகப் போட்டாயே, அதே கையெழுத்து. மூன்று வருடமாகத் தினம் காலையில் அதைத் தாண்டித்தான் நான் டோக்கன் கேட்கப் போகிறேன்.

உனக்குத் தெரிந்தே போட்டாயா என்று கேட்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைப்பேன். இப்போது கேட்கிறேன்.


ஏப்ரல் 10

அண்ணி,

என் கையெழுத்துதான்.

தெரிந்து போடவில்லை. தெரிந்துகொள்ளாமல் போட்டேன். வருடத்தில் ஒரு நாள் குமாஸ்தா முப்பது படிவங்களை மஞ்சள் காகிதம் ஒட்டிக் கொண்டுவருவார். இரண்டு வகுப்புக்கு நடுவே, டீ ஆறுவதற்குள் போட்டுவிடுவேன். அது உங்கள் ஆலை என்றுகூடப் பார்த்ததில்லை. ‘நேரில் கண்டேன்’ என்று அச்சிலேயே இருக்கும்.

இந்த வருடத்துப் படிவம் வந்துவிட்டது. போட மாட்டேன். இன்றே தொழிலாளர் துறைக்கு எழுதுகிறேன்.


ஏப்ரல் 11

எழுதித் தொலைக்காதே!

பெட்டியில் போட நேரமில்லை, கண்ணாடிப் பெண்ணிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ போடாவிட்டால் இன்னொரு டாக்டர் டீ குடித்துக்கொண்டே போட்டுவிடுவார். நீ புகார் எழுதினால், உள்ளே இருந்து யார் சொன்னது என்று அன்றைக்கே தேடுவார்கள். உன் அண்ணி இங்கேதான் தைக்கிறாள் என்று கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆகும்? உனக்கு மனசு ஆறும், எங்களுக்கு வேலை போகும்.

நேற்று ராத்திரி உன் கடிதம் கைக்கு வந்ததுமே தெருக்குழுவைக் கூட்டினேன். பிஸ்கட் இல்லாமல். உன் கடிதங்களை வாசித்தேன், அண்ணன் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். “டாக்டர் போடட்டும், ஆனா அச்சுல இருக்கிற மாதிரி நேர்ல கண்டுட்டுப் போடட்டும்” என்றாள் பட்டன் மிஷின்காரி. “கண்டா எங்கள மாட்டிவிட்ட மாதிரி இல்லையா?” என்று இன்னொருத்தி. பக்கத்து மிஷின்காரி, அந்த நாளுக்குப் பிறகு வாசலைத் தாண்டாதவள், அன்று வந்திருந்தாள். மூலையிலிருந்து அவள்தான் சொன்னாள். “யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். அந்தம்மா நல்லா தண்ணி குடிச்சிட்டு வரட்டும். வந்து, அவசரம்னு கேக்கட்டும்.”

கூடமே சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

ஆக, குழு முடிவு இது, ‘விரிவாக விவாதிக்கப்பட்டது’. படிவம் நிரப்ப வருகிறேன் என்று முறையாகச் சொல்லிவிட்டு வா. பதினோரு மணிக்கு வா, அப்போதுதான் கூட்டம் அதிகம். இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வா. நடிக்காதே, உனக்கு நடிக்க வராது, நிஜமாகவே குடி. மேனேஜர் அறையில் இருப்பதைக் காட்டுவார்கள். வேண்டாம் என்று சொல். எங்களுடையதைக் கேள். என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே.

அண்ணி


ஏப்ரல் 25

அண்ணி,

நீங்கள் பார்த்தீர்கள்தான், ஆனால் உங்களுக்குக் காது கேட்ட தூரம் வரைதானே தெரியும். மீதியை எழுதுகிறேன்.

புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். இரண்டு பாட்டில் என்றீர்கள், நான் மூன்று குடித்தேன். பயத்தில் ஒன்று கூடிவிட்டது. மேனேஜர் அறையில் உட்காரவைத்து நிரப்பின படிவத்தை நீட்டினார். “எல்லாம் ரெடி மேடம், வருஷா வருஷம் இதானே.” உள்ளே சுற்றிப் பார்க்கிறேன் என்றேன். முகம் சற்று மாறியது, ஆனால் கூட்டிப்போனார். உங்கள் வரிசையைத் தாண்டும்போது நீங்கள் தலை நிமிரவில்லை. காலர் ஒன்று, காலர் இரண்டு, காலர் மூன்று என்று ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணி, உங்கள் தலை முழுக்க நரைத்திருக்கிறது. கிளினிக்கில் நீங்கள் முக்காடு போட்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

அந்த நிமிடத்தில் எனக்கு நிஜமாகவே தாங்கவில்லை. “சார், கழிவறை எங்கே?” என்றேன்.

“ஆபீஸ்ல இருக்கு மேடம், வாங்க.”

“அவ்வளவு தூரம் முடியாது. இங்கேயே சொல்லுங்க.”

“இது வொர்க்கர்ஸுக்கு மேடம்... கொஞ்சம் கூட்டமா இருக்கும்.”

“நானும் வொர்க் பண்றவதான் சார்.”

உங்கள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து அதை இருமலாக்கினார்கள். சூப்பர்வைசர் பழக்க தோஷத்தில் டோக்கனை எடுத்து என் பக்கம் நீட்டிவிட்டார்! நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றார். வாங்கி மாட்டிக்கொண்டேன். வாசலில் எனக்கு முன்னால் எட்டுப் பேர். விலகி வழிவிட்டார்கள், வேண்டாம் என்று நின்றேன். நின்றது பெருமைக்கு இல்லை. அந்த ஆறு நிமிடத்தில் பூட்டியிருந்த கதவுகளை எண்ணினேன். ஒன்பது. “இதுல என்ன சார்?” என்று கத்திக் கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கத்தல் உடம்பிலிருந்து வந்தது. அவர் சாவியைத் தேடியதில் பாதி, நான் நிற்கிற நிலையைப் பார்த்துத்தான்.

கதவைத் திறந்ததும் அட்டைப்பெட்டி ஒன்று என் காலடியில் விழுந்தது.

படிவத்தை அங்கேயே, கழுத்தில் டோக்கனோடு நிரப்பினேன். கழிவறைகள் பன்னிரண்டு, பயன்பாட்டில் மூன்று. ஒன்றுக்கு நூற்று அறுபது பேர். அனுமதிப் பலகை, வரிசைக்கு ஒன்று. போதுமானதா என்ற கட்டத்தில் ‘இல்லை’. மேனேஜர் கெஞ்சினார், அடுத்த வாரம் கம்பெனிக்காரர்கள் வருகிறார்களாம். பெட்டிகளை எடுத்து, பலகைகளை நீக்கிவிட்டுக் கூப்பிடுங்கள், மறுபடி வந்து பார்த்துத் திருத்தித் தருகிறேன் என்றேன். இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவோம் என்றும், தெருக்குழுவில் இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் எங்கள் முத்திரை விழாது என்றும் சொன்னேன். அந்த விதி அப்போது எங்கள் கல்லூரியில் இல்லை. மறுநாள்தான் வந்தது.

துறைத் தலைவர் எண்களைப் படித்தார். மாத்திரை, தண்ணீர், டோக்கன் மூன்றையும் அவரே கோடு போட்டு இணைத்தார். பிறகு, “இதை ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதலாமே” என்றார். தெருக்குழுவைக் கேட்க வேண்டும் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சரி என்றார். மே ஒன்று ரத்தாகிவிட்டது.

ஆலைக்குள் உங்கள் பக்கம் திரும்பாமல் நடப்பதுதான் இருந்ததிலேயே கஷ்டமாக இருந்தது.

துருவி


மே 27

துருவி,

கட்டுரை விஷயம் குழுவில் பேசியாகிவிட்டது. எழுதலாம். எங்களுக்கு முதலில் வாசித்துக் காட்ட வேண்டும். ‘அறியாமை’ என்ற வார்த்தை எங்கேயும் வரக் கூடாது. கூட்டத்தில் என்ன நடந்தது என்ற குறிப்பை இனி பட்டன் மிஷின்காரி எழுதுவாள், கூட்டம் முடிந்த பிறகு.

பெட்டிகள் இரண்டு நாளில் போய்விட்டன. இப்போது மேனேஜர் அறைக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. டோக்கன் போக ஒரு மாதம் ஆயிற்று. பலகையை எடுத்துவிட்டு நோட்டுப் புத்தகம் வைத்தார்கள், போகும்போது நம்பரை எழுத வேண்டுமாம். முதல் நாள் நாற்பது பேரும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய் எழுதினோம். இரண்டாம் நாளும் எழுதினோம். நோட்டு தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் புது நோட்டு வரவில்லை. சூப்பர்வைசரின் வாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு உன்னிடம் மாத்திரை இருந்தால் அனுப்பு.

பக்கத்து மிஷின்காரி இன்னும் வேலைக்கு வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிவிடாதே. மூன்று தடவை போய்க் கூப்பிட்டேன். “நீங்கல்லாம் சிரிக்காம இருப்பீங்களா?” என்று கேட்டாள். அன்று நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் எத்தனை நாள் அவனோடு சேர்ந்து சிரித்திருக்கிறோம். நாளை மறுபடி போவேன்.

நீ அனுப்பிய வேறு மாத்திரையில் என் கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. கண்ணாடிப் பெண் பார்த்துவிட்டு, பழைய நீர் மாத்திரையே நல்லது, ஆனால் போடுவீர்களா ஆன்ட்டி என்று கேட்டாள். அட்டையை எண்ணவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

நேற்று காலையில் போட்டேன். வேலை நாளில், ஆலைக்குக் கிளம்பும் முன். மேலே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

பத்தே முக்காலுக்கு வந்தது. நான் மிஷினை நிறுத்தினேன். காலரில் பாதி தைத்திருந்தது. எழுந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நடந்து போனேன், ஐந்தாவது கதவு காலியாக இருந்தது, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அவசரப்படவில்லை. கை கழுவினேன். திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைத்தேன்.

அண்ணி